எழுதியவர் ஒருவர், உடையவர் ஒருவர்

2020 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில மேற்கு மாவட்ட ஃபெடரல் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தாக்கலானது. வாதிகள் மார்கரெட் வைஸ், ட்ரேசி ஹிக்மன் என்ற இரண்டு நாவலாசிரியர்கள். பிரதிவாதி ‘விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் உரிமையாளர். ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனியின் பிடியில் இருக்கும் நிறுவனம். கேட்ட இழப்பீடு ஒரு கோடி டாலருக்கும் மேல். ஆங்கில மிகுபுனைவு படிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்தப் பெயர்கள் ஒன்றும் சொல்லாது. வழக்கின் சாரத்தைச் சொன்னால் எந்த ஊர் எழுத்தாளருக்கும் வயிற்றைக் கலக்கும். முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் தாங்களே எழுதி நிறுத்திய பாத்திரங்களை மறுபடி எழுத இவர்கள் உரிமம் வாங்கினார்கள். எழுதிய ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி ஒப்புதல் வாங்கினார்கள். பிறகு ஒருநாள், இனி எந்தப் படிக்கும் ஒப்புதல் கிடையாது என்று சொல்லப்பட்டது.

கதை தொடங்குவது 1980களின் முதல் வருஷங்களில். யூட்டா மாநிலத்தில் வேலையில்லாமல் இருந்த ஹிக்மன், மனைவி லாராவோடு சேர்ந்து உருவாக்கிய விளையாட்டுத் தொகுப்புகளை விஸ்கான்சின் மாநிலம் லேக் ஜெனிவாவில் இருந்த டி.எஸ்.ஆர். கம்பெனிக்கு விற்கப் பார்த்தார். பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கக் காசு வேண்டியிருந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கம்பெனி தொகுப்புகளோடு ஆளையும் எடுத்துக்கொண்டது. குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு விஸ்கான்சினுக்குப் போன அந்த நெடும்பயணத்தில், டிராகன்கள் ஆளும் ஓர் உலகத்தைப் பற்றிக் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டே போனார்கள். அங்கே போய்ச் சேர்ந்தால் கம்பெனிக்கும் அதே கவலை: விளையாட்டின் பெயரில் டிராகன் இருக்கிறது, விளையாட்டில் போதுமான டிராகன்கள் இல்லை! ஹிக்மன் தன் யோசனையை எடுத்துவைத்தார். ‘டிராகன்லான்ஸ்’ அப்படிப் பிறந்தது.

புத்தகப் பிரிவில் பதிப்பாசிரியராக வேலைக்குச் சேர்ந்திருந்தவர் மார்கரெட் வைஸ். நாவலை வெளியிலிருந்து ஒருவரை எழுதவைப்பதுதான் முதல் ஏற்பாடு. வந்த எழுத்து இருவருக்கும் ஒட்டவில்லை. தாங்களே சில அத்தியாயங்களை எழுதிக் காட்டினார்கள், வேலை அவர்கள் கைக்கு வந்தது. 1984இல் ‘டிராகன்ஸ் ஆஃப் ஆட்டம் ட்வைலைட்’ வெளிவந்தது. அடுத்த வருஷமே அதன் தொடர்ச்சியாக இரண்டு நாவல்கள். பிறகு இரட்டையர்களின் கதையைச் சொல்லும் இன்னொரு முத்தொகுப்பு. விளையாட்டுக் கம்பெனியின் துணைப்பொருளாக வந்தவை புத்தகக் கடைகளில் தாமாகவே ஓடத் தொடங்கின.

அந்த நாவல்கள் பேரிலக்கியம் என்று வாதாட எனக்கு விருப்பமில்லை. முதல் நாவலில் பகடை உருளும் சத்தம் பல இடங்களில் கேட்கிறது. ஒரு குகையிலிருந்து அடுத்த குகைக்குப் போவதற்காகவே சில அத்தியாயங்கள் இருக்கின்றன. ஆனால் ராய்ஸ்ட்லின் என்ற மந்திரவாதி இருக்கிறானே, அவன் வேறு சரக்கு. பொன்னிறத் தோல், மணற்கடிகை வடிவத்தில் கண்மணிகள். பார்க்கும் எதுவும் வாடி உதிர்வதாகவே அந்தக் கண்களுக்குத் தெரியும். ஓயாத இருமல். பலசாலி அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தபடியே அந்த அண்ணனை வெறுக்கிறவன். பதின்வயதில் அவனைப் படித்தவர்கள் லேசில் மறப்பதில்லை.

ஆனால் ராய்ஸ்ட்லினை யார் உண்டாக்கினார்கள் என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வராது. விளையாட்டைச் சோதித்துப் பார்க்க நண்பர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, மந்திரவாதியின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டவர் கரகரத்த, கிசுகிசுத்த குரலில் பேசத் தொடங்கினார். மேஜை அப்படியே அடங்கிப் போனதாம். அந்தக் குரல்தான் பிறகு நாவலுக்குள் போனது. அந்த உலகத்தின் கடவுள்களில் பெரும்பாலோர் ஜெஃப் க்ரப் என்ற வடிவமைப்பாளர் தன் நண்பர்களோடு விளையாடிய சொந்த விளையாட்டிலிருந்து கொண்டுவந்தவர்கள். முகங்களை வரைந்தவர் லாரி எல்மோர். லாரா ஹிக்மனின் பங்கு காரிலேயே ஆரம்பித்துவிட்டது. இப்படிப் பலர் கைபட்ட உலகத்தை அட்டையில் இருக்கும் இரண்டு பேரின் சொத்து என்று சொன்னால் அதுவும் முழு நியாயமாகாது. இந்த வழக்கில் ஆசிரியர்கள் பக்கம் சாய்கிறவர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். நான் அவர்கள் பக்கம்தான் சாய்கிறேன். இருந்தாலும் இதைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை.

கம்பெனிக்குத் தன் கையிலேயே கறை உண்டு. 1974இல் வந்த முதல் விதிப்புத்தகங்களில் ஹாபிட்கள் இருந்தார்கள், என்ட்கள் இருந்தார்கள், பால்ராக் இருந்தது. எல்லாம் டோல்கியனிடமிருந்து கேட்காமல் எடுத்தவை. டோல்கியன் படைப்புகளின் வணிக உரிமையை வைத்திருந்தவர்கள் 1977இல் கண்ணை உருட்டியதும் ஹாபிட் ‘ஹாஃப்லிங்’ ஆனான், என்ட் ‘ட்ரீயன்ட்’ ஆனது, பால்ராக் ‘பேலர்’ ஆனது. உருவம் அதே, கால்கள் அதே, பெயர் மட்டும் புதிது. டிராகன்லான்ஸ் எழுதும்போது அந்த ஹாஃப்லிங்கையும் விட்டு விலகவேண்டி வைஸும் ஹிக்மனும் குழுவினரும் ‘கெண்டர்’ என்ற குள்ள இனத்தை உண்டாக்கினார்கள். பயம் என்றால் என்னவென்றே தெரியாத, அடுத்தவர் பையில் கையை விட்டு அதைத் திருட்டு என்றே உணராத இனம். ஹாபிட்டிலிருந்து கெண்டர் வரை வந்த இந்தக் கிளைவழியில் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று கணக்குப் போட்டால் எந்த வக்கீலுக்கும் தலை சுற்றும். ஆனால் கெண்டருக்கு இன்று சட்டப்படி ஒரே ஒரு சொந்தக்காரர்தான்.

1976ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஊழியர் ஒருவர் தன் வேலையின் பகுதியாக எழுதியதற்கு வேலை கொடுத்தவரே ‘ஆசிரியர்’. எழுதியவரிடமிருந்து உரிமை கம்பெனிக்கு மாறியது என்றுகூடச் சட்டம் சொல்வதில்லை. மாறுவதற்கு முதலில் அது எழுதியவரிடம் இருந்திருக்க வேண்டுமே! சட்டத்தின் கண்ணில் அவர் தொடக்கத்திலிருந்தே அங்கே இல்லை. வைஸும் ஹிக்மனும் டி.எஸ்.ஆரின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள். அவர்கள் எழுதிக்கொண்டிருந்த இரவுகளில் கிரின் என்ற அந்த உலகத்தின் ஆசிரியர் லேக் ஜெனிவாவில் பெயர்ப்பலகை மாட்டியிருந்த ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனி கடனில் மூழ்கியபோது 1997இல் விஸார்ட்ஸ் அதை வாங்கியது; 1999இல் ஹாஸ்ப்ரோ விஸார்ட்ஸை வாங்கியது. ‘ஆசிரியர்’ இரண்டு முறை கைமாறினார். எழுதியவர்கள் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார்கள்.

இதே சட்டத்தில் எழுத்தாளனுக்கு ஒரு கருணையும் உண்டு. 1978க்குப் பிறகு தன் உரிமையை எழுதிக் கொடுத்தவர், முப்பத்தைந்து வருஷம் கழித்து, முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்து, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். இளமையில், பசியில், ஒன்றும் தெரியாமல் போட்ட கையெழுத்துக்கு முதுமையில் ஒரு மறுவாய்ப்பு. கம்பெனி ஊழியராக எழுதியவற்றுக்கு மட்டும் இது கிடையாது. 1984இல் வெளிவந்த நாவலை ஒரு சாதாரண ஆசிரியர் எழுதி விற்றிருந்தால் அவருக்கு அந்தக் கதவு 2019வாக்கில் திறந்திருக்கும். வைஸும் ஹிக்மனும் 2019 மார்ச்சில் செய்ததோ, அதே உலகத்துக்குள் போய் மூன்று நாவல்கள் எழுத விஸார்ட்ஸிடம் உரிம ஒப்பந்தம் போட்டது. கொத்தனார் தான் பூசிய சுவரைத் தொட்டுப் பார்க்க வீட்டுக்காரரிடம் நுழைவுச் சீட்டு வாங்குவதுபோல.

கம்பெனியும் அந்த உலகத்தை ஒன்றும் செய்யாமல்தான் வைத்திருந்தது. பல வருஷங்களாகப் புது டிராகன்லான்ஸ் நாவல் கிடையாது. வாசகர்கள் பழைய புத்தகங்களையே திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்கள். உடையவர் எழுதுவதில்லை, எழுதக்கூடியவர் உடையவர் இல்லை. கேட்டு வந்தவர்களுக்கு அனுமதி கிடைத்ததே பெரிது என்று அப்போது தோன்றியிருக்கும். பெங்குயின் ராண்டம் ஹவுஸ் வெளியிட முன்வந்தது. 2019 முடிவதற்குள் முதல் நாவல் முழுதாக எழுதியாயிற்று. இரண்டாவது நடந்துகொண்டிருந்தது.

இத்தகைய உரிம ஒப்பந்தத்தின் உயிர்நாடி பணத்தைப் பற்றிய பிரிவில் இருக்காது. ஒப்புதலைப் பற்றிய பிரிவில் இருக்கும். கதைச்சுருக்கம் போகும், ஒப்புதல் வரும். வரைவு போகும், திருத்தம் கேட்பார்கள், திருத்திய பக்கம் போகும், ஒப்புதல் வரும். எழுத்தாளர் இங்கே இரண்டு வாசகர்களுக்கு எழுதுகிறார்: புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கப்போகிறவர் ஒருவர், பிராண்டுக்குக் கெட்ட பெயர் வருமா என்ற ஒரே கண்ணோடு படிக்கிறவர் இன்னொருவர். இரண்டாமவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. 2020 கோடையில் அவருக்கு நிஜமாகவே தலைவலி இருந்தது. ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகு அமெரிக்கக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தங்கள் அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தன. விஸார்ட்ஸ் தன் ‘மேஜிக்’ சீட்டு விளையாட்டிலிருந்து ஏழு சீட்டுகளை இனவெறி காரணமாக நீக்கியது ஜூன் மாதத்தில். ஓர்க்குகளையும் ட்ரோ எல்ஃப்களையும் பிறவியிலேயே தீயவர்களாகக் காட்டும் வழக்கத்தை மாற்றுவதாக அதே மாதத்தில் அறிவித்தது. அறிவிப்பில் நியாயம் இருந்தது. ஒரு இனம் முழுவதையும் பிறவிப் பாவிகளாக்குவது மிகுபுனைவின் பழைய நோய்தான்.

ஆசிரியர்கள் மனுவில் சொன்னது இது: கேட்ட திருத்தங்களையெல்லாம் செய்து கொடுத்தோம், கம்பெனி ஒப்புக்கொண்டும் விட்டது. ஆகஸ்ட் 13 அன்று நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், இனி எந்த வரைவுக்கும் ஒப்புதல் தரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை, திருத்த வழி காட்டவும் இல்லை. குறை இருந்தால் இன்னது என்று விவரமாகச் சொல்லித் திருத்த வாய்ப்புத் தரவேண்டும் என்பதே ஒப்பந்தம். மொத்தமாகக் கதவடைக்கும் உரிமை அதில் இல்லை. கம்பெனி வேறு விஷயங்களில் பட்ட அவமானத்துக்கு எங்கள் நாவலைப் பலி கொடுத்தது என்றும் சேர்த்துக்கொண்டார்கள். இவை வாதி தரப்புக் கூற்றுகள். எந்த நீதிபதியும் விசாரித்து முடிவு சொன்னவை அல்ல.

அவர்கள் சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். அமெரிக்க ஒப்பந்தச் சட்டத்தில், எந்த ஒப்பந்தத்திலும் எழுதாமலே இருப்பதாகக் கொள்ளப்படும் ஒரு கடப்பாடு உண்டு: இரு தரப்பும் நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ள வேண்டும். ஒப்புதல் மறுக்கும் உரிமை தாளில் இருக்கலாம். அதை ஒப்பந்தத்தையே கொல்லும் கத்தியாகப் பயன்படுத்தக் கூடாது. இந்தக் கேள்விக்கு ஒரு நீதிமன்றம் தெளிவாகப் பதில் சொல்லியிருந்தால், பெரிய கம்பெனிகளின் உலகங்களுக்குள் கூலிக்கு எழுதும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அது கைவிளக்காக இருந்திருக்கும். அது நடக்கவில்லை. டிசம்பரில், மறுபடி தொடுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆசிரியர்களே வழக்கை வாபஸ் வாங்கினார்கள். உள்ளே என்ன பேசி முடித்தார்கள் என்பது வெளியே வரவில்லை. 2022 ஆகஸ்ட்டில் ‘டிராகன்ஸ் ஆஃப் டிசீட்’ வந்தது. 2023இலும் 2024இலும் மற்ற இரண்டும் வந்தன. வாசகனுக்குப் புத்தகம் கிடைத்தது, ஆசிரியர்களுக்குத் தங்கள் பாத்திரங்கள் கிடைத்தன. சட்டத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த வகை வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் சமரசத்துக்குள் போய் மறைகின்றன.

அதே 2020 நவம்பரில் இன்னொரு குரல் எழுந்தது. ஆலன் டீன் ஃபாஸ்டர் என்ற பெயர் பலருக்குத் தெரியாமலிருக்கக் காரணம் உண்டு. 1976இல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ நாவலை எழுதியவர் அவர். அட்டையில் ஜார்ஜ் லூகாஸ் பெயர் இருந்தது. அதில் அவருக்கு வருத்தமில்லை. ராயல்டி வந்துகொண்டிருந்தது. 2012இல் டிஸ்னி லூகாஸ்ஃபிலிமை வாங்கியது, 2019இல் ஃபாக்ஸை வாங்கியது. ஃபாக்ஸோடு அவர் எழுதிய ‘ஏலியன்’ நாவல்களும் போயின. புத்தகங்கள் விற்றுக்கொண்டிருக்க, ராயல்டி நின்றுபோனது. எழுத்தாளர் சங்கம் தட்டிக் கேட்டபோது டிஸ்னி தரப்பு எடுத்துவைத்ததாகச் சங்கம் சொன்ன வாதம் அபூர்வமானது: நாங்கள் வாங்கியது உரிமைகளை, கடமைகளை அல்ல.

ஒரு நிலத்தை வாங்குகிறவர் அதன் மேலிருக்கும் அடமானத்தை வாங்கவில்லை என்று பத்திரப்பதிவு அலுவலகத்தில் சொல்லிப் பார்க்கட்டும். ஃபாஸ்டரின் விவகாரம் அடுத்த வருஷம் பேசி முடிக்கப்பட்டது; அவரைப்போல் பணம் வராமல் நின்ற வேறு பலரும் இருந்தார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. வைஸ், ஹிக்மன் வழக்கையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எழுத்தாளரின் தொடர்பை அறுக்க இரண்டு இடங்கள் இருப்பது தெரிகிறது. இனி எழுதாதே என்று முன்னால் அறுக்கலாம், எழுதியதற்குத் தரமாட்டேன் என்று பின்னால் அறுக்கலாம்.

போலந்தில் நடந்தது நேர்மாறு. ‘விட்ச்சர்’ கதைகளை எழுதிய ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி யாருக்கும் ஊழியர் இல்லை, எல்லாம் அவருடையது. வீடியோ கேம் செய்ய சி.டி. ப்ரொஜெக்ட் கேட்டபோது பங்கு வேண்டாம், மொத்தத் தொகையைக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டார். அந்த விளையாட்டு ஓடும் என்று அவர் நம்பவில்லை. விளையாட்டு கோடிகளில் விற்றது. 2018இல் ஆறு கோடி ஸ்லோட்டி கேட்டு வக்கீல் கடிதம் அனுப்பினார். இணையம் அவரைப் பேராசைக்காரக் கிழவர் என்றது. ஆனால் ஆசிரியர் வாங்கிய தொகைக்கும் வாங்கியவர் அடைந்த லாபத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தால் நீதிமன்றம் தொகையை உயர்த்தலாம் என்று போலந்துச் சட்டத்தின் 44ஆவது பிரிவு சொல்கிறது. 2019 டிசம்பரில் இரு தரப்பும் புது ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அவருடைய தப்புக் கணக்கைப் பார்த்துச் சிரிக்கலாம். தப்புக் கணக்குப் போட்டவனுக்கும் சட்டத்தில் இடம் வைத்திருக்கும் ஒரு நாட்டைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

பணத்தை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது என்ன? ஆர். ஏ. சால்வடோர் இதே கம்பெனிக்காக எழுதியவர். 1980களின் கடைசியில் அவருடைய முதல் நாவலில் நாயகனுக்கு ஒரு துணைப்பாத்திரம் தேவைப்பட்டது. முதலில் நினைத்த பாத்திரம் டக்ளஸ் நைல்ஸ் என்ற வேறொரு எழுத்தாளருடையது என்பதால் கூடாது என்றார்கள். பதிப்பாசிரியர் கூட்டத்துக்கு ஓடும் அவசரத்தில் தொலைபேசியில் இருக்கிறார், இப்போதே சொல் என்கிறார். சால்வடோர் வாயில் வந்ததைச் சொன்னார்: பாதாளத்து எல்ஃப் ஒருவன். பெயர் கேட்டதற்கும் அப்போதே ஏதோ சொன்னார். அப்படிப் பிறந்த ட்ரிஸ்ட் முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்களில் நடக்கிறான். 1990களில் சால்வடோருக்கும் டி.எஸ்.ஆருக்கும் முறிந்தபோது, ட்ரிஸ்ட்டை வைத்து எழுதக் கம்பெனி வேறொரு எழுத்தாளரை ஏற்பாடு செய்தது. விஸார்ட்ஸ் வந்த பிறகு அந்தப் புத்தகம் கைவிடப்பட்டது, சால்வடோர் திரும்பி வந்தார். கம்பெனி செய்யவிருந்தது முழுக்கச் சட்டப்படி சரி. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்ட இரவில் அவருக்குப் போனதை எந்த ராயல்டிக் கணக்கிலும் எழுத முடியாது.

இந்தியச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் ஆசிரியருக்குச் சிலவற்றை விட்டுவைக்கிறது: படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும், தன் பெயருக்கு இழுக்கு வரும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கவும். தன் ‘ஆப்கா பண்ட்டி’ நாவலைத் திரைப்படமாக்கியவர்கள் மீது மன்னு பண்டாரி தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 1980களில் அதை அழுத்தமாகச் சொன்னது. அமெரிக்காவில் இத்தகைய உரிமையை 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் கொடுத்தது, நாவலுக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் வைஸுக்கும் ஹிக்மனுக்கும் அது போதாது. அவர்கள் கேட்டது பழையதைக் காப்பாற்றும் உரிமையைத் தாண்டியது. தாங்கள் தொடங்கிவைத்தவனின் மிச்சக் கதையைத் தாங்களே சொல்ல வேண்டும் என்ற விருப்பம் அது. மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் ராய்ஸ்ட்லினில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டாலும், அந்த விருப்பம் இவர்களுக்கு உரியதாகவே எனக்குப் படுகிறது. அவனோடு ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருந்தவர்கள் இவர்கள்தான். அதை உரிமையாக ஏற்கும் சட்டம் எப்படி இருக்கவேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். ஜெஃப் க்ரப்பும் லாராவும் அதற்குள் எங்கே நிற்பார்கள் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் சிக்கிக்கொள்கிறது.

ஊழியர் எழுதியதாகக் கருதப்படும் படைப்புக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை வெளியீட்டிலிருந்து தொண்ணூற்றைந்து வருஷம். 1984 நாவலுக்கு அது 2079 டிசம்பர் கடைசி நாளோடு முடியும். மறுநாளிலிருந்து லேக் ஜெனிவாவிலோ லால்குடியிலோ இருக்கும் எந்தப் பையனும் ராய்ஸ்ட்லினை எடுத்து எழுதலாம், விற்கலாம், கெடுக்கலாம். அதுவரை அவன் புதிதாக ஒருமுறை இருமுவதற்கும் ஹாஸ்ப்ரோவின் ஒப்புதல் வேண்டும்.